தொற்றுக் காலத்தில் ஓர் உதைபந்தாட்டப் பருவத்தைத் திட்டமிடுதல்: திருகோணமலைக் கழகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் இங்கிலாந்தின் மூன்றாம் தரப் பிரிவான லீக் வன் இடைநிறுத்தப்பட்டபோது, பீற்றர்பரோ யுனைட்டட் கழகம் 35 ஆட்டங்களில் 59 புள்ளிகளுடன் ஆறாம் இடத்திலும், வைக்கம் வொண்டரர்ஸ் கழகம் 34 ஆட்டங்களில் அதே 59 புள்ளிகளுடன் எட்டாம் இடத்திலும் இருந்தன. ஜூன் மாதத்தில் கழகங்கள் கூடி வாக்களித்து, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பெற்ற புள்ளிகளைக் கொண்டே இறுதிப் பட்டியலைத் தீர்மானிப்பதென முடிவு செய்தன. அந்தக் கணக்கில் வைக்கம் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. பீற்றர்பரோ ஏழாம் இடத்துக்கு இறங்கி, தரமுயர்வுக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களில் ஆடும் வாய்ப்பையே இழந்தது. ஜூலை 13ஆம் திகதி, பார்வையாளர் இல்லாத வெம்ப்ளி அரங்கில் ஒக்ஸ்ஃபோர்ட் யுனைட்டட்டை 2–1 என வென்று வைக்கம் மேற்பிரிவுக்குப் போனது. ஆடப்படாத ஒரேயோர் ஆட்டம் இரண்டு ஊர்களின் வரலாற்றை மாற்றிவிட்டது.

எந்த விதியால் பருவம் முடிக்கப்படும் என்பது, யாருக்கு எத்தனை புள்ளி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த பின்னரே முடிவு செய்யப்பட்டது என்பதே அங்கே நேர்ந்த குறை. வாக்களித்த ஒவ்வொருவருக்கும், எந்த விதி தன் கழகத்தைக் காப்பாற்றும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. நிர்வாக வசதியும் பணமும் நிறைந்த ஒரு நாட்டிலேயே இது நடந்ததென்றால், இரண்டு மைதானங்களையும் சில தன்னார்வலர்களையும் நம்பி நடக்கும் நமது மாவட்டச் சுற்றுப்போட்டிகளில் எவ்வளவு மனக்கசப்பு எழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது: எந்த வாரத்தில் நிறுத்த நேர்ந்தாலும், அந்த வாரம் வரை நடந்தது நியாயமாக இருக்கும்படி அட்டவணையை எழுத வேண்டும்.

உதாரணத்துக்குப் பத்துக் கழகங்கள் கொண்ட ஒரு லீக்கை எடுத்துக்கொள்கிறேன். நான்கு கழகங்கள் நகரத்திலும், மூன்று கிண்ணியாவிலும், இரண்டு மூதூரிலும், ஒன்று நிலாவெளியிலும் இருப்பதாகக் கொள்வோம்.

முதற்படி: ஆட முடியாத நாட்களை நாட்காட்டியில் முதலில் கழியுங்கள்

ஆடக்கூடிய நாட்களைத் தேடுவதற்கு முன் ஆட முடியாத நாட்களைக் கழிக்க வேண்டும். திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தலைகாட்டி, நவம்பர், டிசெம்பர் மாதங்களில் மைதானத்தைக் குளமாக்கிவிட்டு, ஜனவரி கடந்துதான் ஓயும். எனவே பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரையான ஏறத்தாழ முப்பது வார இறுதிகளே நமக்கு உரியவை. அதில் நோன்பு மாதத்துக்கு நான்கு வார இறுதிகளை ஒதுக்குங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வரும் வீரர்கள் நோன்பு திறக்கும் நேரத்தில் ஆடுகளத்தில் நிற்கும்படி அட்டவணை எழுதுவது முறையன்று. சித்திரைப் புத்தாண்டுக்கு ஒன்று, வெசாக்குக்கு ஒன்று. மீதம் இருபத்துநான்கு.

நோன்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், கடந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்து எழுத முடியாது. 2021இல் புத்தாண்டும் நோன்பின் தொடக்கமும் ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரே வாரத்தில் வந்தன. அந்தப் புத்தாண்டுக் காலப் பயணங்களைத் தொடர்ந்து எழுந்த தொற்று அலையால் மே மாதத்தில் நாடு முழுவதும் பயணத் தடை வந்தது. திருவிழாக்கள் அட்டவணையில் இரண்டு விதமாகப் பாதிப்பை ஏற்படுத்தும்: அந்த வாரம் ஆட்டம் இல்லை என்பது ஒன்று, அதைத் தொடர்ந்து வரும் இரண்டு மூன்று வாரங்களில் தொற்று ஏறக்கூடும் என்பது மற்றொன்று. பெரிய ஆட்டங்களை அந்த வாரங்களில் வைக்காதீர்கள்.

நேரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மாலை நான்கு மணிக்கு முன் ஆட்டத்தைத் தொடங்குவது வீரர்களை வாட்டுவதாகும். 4.15க்குத் தொடங்கினால் இடைவேளையும் மேலதிக நேரமும் சேர்ந்து ஆறு மணி கடந்து சற்று நேரத்தில் முடியும். வெளிச்சம் அதுவரைதான் தாங்கும். ஆகவே ஒரு மைதானத்தில் மாலைக்கு ஓர் ஆட்டமே. சனி மாலை, ஞாயிறு அதிகாலை, ஞாயிறு மாலை என மூன்று நேரங்கள். மெக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் இரண்டுமே கிடைத்தால் வாரத்துக்கு ஆறு. பத்துக் கழகங்களுக்கு வாரத்துக்கு ஐந்து ஆட்டங்களே தேவை என்பதால், ஒவ்வொரு வாரத்திலும் ஓர் இடம் மிஞ்சும். அந்த ஓர் இடத்தை நட்புறவு ஆட்டத்துக்கோ முன்னாள் வீரர்களின் போட்டிக்கோ விட்டுக்கொடுக்காமல், ஒத்திவைக்கப்படும் ஆட்டத்துக்காகக் காத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சுற்றுகளை அமைத்து, பின்னர் அவற்றின் வரிசையை மாற்றுங்கள்

ஒற்றை முறைச் சந்திப்புக்குப் பத்துக் கழகங்களிடையே 45 ஆட்டங்கள், ஒன்பது சுற்றுகள். இதற்குப் பழைய சுழற்சி முறையே போதும். பத்துத் துண்டுக் காகிதங்களில் ஒன்று முதல் பத்து வரை எழுதுங்கள். மேல் வரிசையில் 1, 2, 3, 4, 5. கீழ் வரிசையில் அவற்றுக்கு நேரே 10, 9, 8, 7, 6. மேலும் கீழும் எதிரெதிரே இருப்பவை முதற் சுற்றில் மோதும். பிறகு 1ஐ மட்டும் அசையாமல் வைத்து, ஏனையவற்றை ஓர் இடம் வலஞ்சுழியாக நகர்த்தினால் இரண்டாம் சுற்று கிடைக்கும்: 1–9, 10–8, 2–7, 3–6, 4–5. இப்படியே ஒன்பது தடவை. நான் இதை வீட்டுத் திண்ணையில், ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒரு கூழாங்கல்லை வைத்துச் செய்வது வழக்கம். கச்சான் காற்றில் வேறு வழியில்லை. கணினியில் செய்தாலும் ஒருமுறை கையால் செய்து பாருங்கள். எந்தக் கழகம் எதன் பின்னால் வருகிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

இனித்தான் தொற்றுக் காலத்துக்கே உரிய வேலை வருகிறது. நகரக் கழகங்களுக்கு 1 முதல் 4 வரையும், கிண்ணியாவுக்கு 5, 6, 7ஐயும், மூதூருக்கு 8, 9ஐயும், நிலாவெளிக்கு 10ஐயும் கொடுத்தால், 45 ஆட்டங்களில் பத்து மட்டுமே ஒரே ஊருக்குள் நடப்பவை. மீதி 35க்கும் ஒரு கழகமாவது ஊர் கடந்து வர வேண்டும். மேற்சொன்ன சுழற்சியில் இரண்டாம், ஆறாம் சுற்றுகளில் ஒரே ஊர் ஆட்டம் ஒன்றுகூட இல்லை. முதலாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் தலா ஒன்று. ஏழாம், எட்டாம், ஒன்பதாம் சுற்றுகளில் தலா இரண்டு. சுற்றுகளை எந்த வரிசையில் ஆடினாலும் அட்டவணை பிழைக்காது என்பதால், 2, 6, 1, 3, 4, 5, 7, 8, 9 என்ற வரிசையில் ஆடுங்கள்.

காரணம் எளிது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அக்கரைக்குப் போக வேண்டுமானால் படகுப் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும் என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தொற்றுக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடி அந்தப் பழைய நிலைமையை ஒரே இரவில் திருப்பிக் கொண்டுவரக்கூடும். பாலம் திறந்திருக்கும்போதே பாலம் கடக்கும் ஆட்டங்களை முடித்துவிட வேண்டும். பயணக் கட்டுப்பாடு வந்த பின்னும், அந்தந்த ஊரில் தொற்று இல்லையெனில், ஊருக்குள் நடக்கும் ஆட்டங்களைச் சுகாதார அதிகாரிகளின் அனுமதியுடன் நடத்திவிடலாம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவே தனிமைப்படுத்தப்பட்டால் அது வேறு விடயம். அங்கே எந்த ஆட்டமும் இல்லை, அங்கு வசிக்கும் வீரர் எவரும் வேறிடத்துக்குப் போய் ஆடவும் கூடாது.

மூன்றாம் படி: வெற்று வாரங்கள்

இரட்டை முறைச் சந்திப்புக்குப் பதினெட்டுச் சுற்றுகள் தேவை. நம்மிடம் இருபத்துநான்கு வார இறுதிகள் இருக்கின்றன, மிச்சம் ஆறு. பலரும் இந்த ஆறையும் பருவத்தின் கடைசியில் குவித்து வைப்பார்கள். அது பெருந்தவறு. ஒத்திவைக்கப்பட்ட ஆட்டங்களை ஆடி முடிக்க, மூன்று சுற்றுகளுக்கு ஒரு வெற்று வாரம் என்று இடையிடையே வையுங்கள்.

முதற் சுற்றில் ஒத்திவைக்கப்பட்ட ஆட்டம் செப்டெம்பர் வரை தொங்கிக்கொண்டிருந்தால், இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரு கழகம் ஏனையவற்றைவிட ஓர் ஆட்டம் குறைவாகவே ஆடியிருக்கும். லீக் எப்போது நிறுத்தப்பட்டாலும் அந்தக் குறை பட்டியலில் அப்படியே உறைந்துவிடும். மூன்று வாரங்களுக்குள் கடனை அடைத்துவிட்டால், எந்த நாளில் நிறுத்தினாலும் கழகங்களுக்கிடையிலான வித்தியாசம் ஓர் ஆட்டத்தை மிஞ்சாது. வெற்று வாரத்தில் ஆட வேண்டிய ஆட்டம் எதுவும் இல்லையென்றால், அதை முன்னே இழுத்து அடுத்த சுற்றால் நிரப்பாதீர்கள், வீரர்கள் ஓய்வெடுக்கட்டும்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். 2020இல் முதல் அலை தணிந்த பின், எட்டு அணிகள் கொண்ட ஒரு சிறிய சுற்றுப்போட்டிக்கு நான் அட்டவணை எழுதினேன். கூட்டம் படிப்படியாகச் சேரட்டும் என்று, பலமான அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களைக் கடைசி வாரங்களுக்கு ஒதுக்கினேன். ஒக்டோபர் முதல் வாரத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைத் தொற்று வெளிப்பட்டது. எங்கள் போட்டியும் நின்றது. அப்போது பட்டியலின் முதலிடத்தில் இருந்த அணி, தன்னை அடுத்திருந்த மூன்று அணிகளில் ஒன்றையேனும் சந்தித்திருக்கவில்லை. கிண்ணத்தை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இளைஞர்கள் இரண்டு மாதம் ஓடிய ஓட்டத்துக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் போனது. பலமான அணிகளின் சந்திப்புகள் ஒன்பது சுற்றுகளிலும் பரவி இருக்க வேண்டும்; சுழற்சி முறையில் எண்களைக் கொடுக்கும்போதே இதைக் கவனியுங்கள்.

நான்காம் படி: முடிவு விதியை முதற் பந்து உதைபடும் முன் எழுதுங்கள்

நிறுத்தப்பட்ட லீக்குகள் 2020இல் மூன்று வழிகளில் போயின. நெதர்லாந்து ஏப்ரல் 24இல் பருவத்தையே கைவிட்டது. வாகையர் இல்லை, தரமிறக்கமும் இல்லை. பிரான்ஸ் அந்த மாத முடிவில் சராசரிப் புள்ளிகளால் முடித்து, பாரிஸ் சென் ஜெர்மெய்னை வாகையராக அறிவித்து, அமியான், துலூஸ் கழகங்களைக் கீழிறக்கியது. ஸ்கொட்லாந்தும் மே மாதத்தில் சராசரியாலேயே செல்டிக்கை வாகையராக்கி, ஹார்ட்ஸைக் கீழிறக்கியது. ஜேர்மனியும் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கும் மூடிய அரங்குகளில் ஆடி முடித்தன. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த 92 ஆட்டங்களும் ஜூன் 17இலிருந்து ஜூலை முடிவுக்குள் நடந்தேறின.

நமது லீக்குக்கு நான் பரிந்துரைப்பது இது. ஒவ்வொரு கழகமும் மற்ற ஒன்பதையும் ஒருமுறை சந்தித்து முடித்தால், அந்த 45 ஆட்டங்களின் பட்டியலே செல்லுபடியாகும் பட்டியல். இரண்டாம் பாதி தொடங்கிய பின் நிறுத்தப்பட்டால், பதினெட்டுச் சுற்றுகளில் பதின்மூன்றேனும் முடிந்திருந்தால் மட்டுமே சராசரியைக் கணக்கிடலாம். இல்லையெனில் முதற் பாதிப் பட்டியலுக்கே திரும்ப வேண்டும். முதற் பாதியே முடியவில்லை என்றால் வாகையரும் இல்லை, தரமிறக்கமும் இல்லை. பதின்மூன்று என்பது என் கணிப்பு; கழகங்கள் பதினான்கு என்றோ பன்னிரண்டு என்றோ முடிவு செய்யலாம். ஆனால் எண் எழுத்தில் இருக்க வேண்டும். பத்துக் கழகங்களின் செயலாளர்களும் கையொப்பமிட்டிருக்க வேண்டும்.

சராசரியின் குறையையும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதின்மூன்று ஆட்டங்களில் 27 புள்ளி பெற்ற கழகத்துக்குச் சராசரி 2.08, பதினான்கு ஆட்டங்களில் 28 பெற்ற கழகத்துக்கு 2.00. ஆடாத அந்த ஆட்டம் யாருக்கு எதிரானது என்பதைச் சராசரி பார்ப்பதில்லை. வெற்று வாரங்களை இடையில் வைக்கச் சொன்னதன் முழுப் பயனும் இங்கேதான் தெரியும்.

ஐந்தாம் படி: ஆள் குறைந்தால் என்ன செய்வது

உதைபந்தாட்ட விதிகளின்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டம் நடைபெறாது. அது மிகக் கீழான எல்லை. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியம் 2020இல், ஒரு பந்துக்காப்பாளர் உட்படப் பதின்மூன்று பேர் இருந்தால் ஆட்டம் நடக்க வேண்டும் என்று விதித்தது. நமது கழகங்களுக்கும் இதே எண் பொருந்தும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பதிவு செய்யப்படும் வீரர்களின் எண்ணிக்கையை முப்பது வரை உயர்த்தி, பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் ஐவரையேனும் சேர்க்கச் சொல்லுங்கள். தொற்றின் காரணமாக ஒத்திவைக்கக் கேட்கும் கழகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் எழுத்தைக் காட்ட வேண்டும். தலைவரின் தொலைபேசி அழைப்பு போதாது. ஐந்து மாற்று வீரர்களை மூன்று தடவைகளில் இறக்கலாம் என்ற விதி 2020 மே மாதத்தில் தற்காலிகமாக வந்து 2022இல் நிரந்தரமானது. நீண்ட இடைவெளிக்குப் பின் ஆடும் உடல்களுக்கு அது பெரும் உதவி.

ஆறாம் படி: எத்தனை பேரை உள்ளே விடலாம்

2020 பெப்ரவரி 19இல் அத்தலாந்தா, வலென்சியா அணிகள் மிலானில் மோதியபோது 40,000க்கும் அதிகமானோர் அரங்கில் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அத்தலாந்தாவின் சொந்த நகரான பெர்காமோவிலிருந்து பேருந்துகளிலும் ரயில்களிலும் வந்து, இரவில் அப்படியே திரும்பியவர்கள். சில வாரங்களில் அந்த நகரமே இத்தாலியின் மிகக் கொடிய துயரைக் கண்டது. அந்த இரவும் அதற்குக் காரணமாயிருக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர்கள் பின்னர் கூறினர். ஆகவே பார்வையாளர் என்றால் மைதானத்துள் நிற்பவர் மட்டுமல்லர். வான் வண்டியில் நெருங்கி உட்கார்ந்து வருபவரும் திரும்பிப் போய் வீட்டில் முதியவரோடு உண்பவரும் அவரே.

மைதானத்தின் கொள்ளளவை மறந்துவிட்டு, தரையை அளந்து கணக்கிடுங்கள். ஆடுகளம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டதாயின், கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கயிறு கட்டினால் அதன் சுற்றளவு 370 மீற்றர். அணிகளின் இருக்கைகளுக்கும் நோயாளர் காவு வண்டியின் வழிக்கும் 50 மீற்றரைக் கழித்தால் 320. தனியாக வருபவருக்கு ஒன்றரை மீற்றர் வீதம் ஒதுக்கினால், ஒரு வரிசையில் ஏறத்தாழ 210 பேர். ஒரே வீட்டவர் நால்வர் சேர்ந்து நிற்க இரண்டு மீற்றரும், அடுத்த குடும்பத்துக்கு இரண்டு மீற்றர் இடைவெளியும் விட்டால் எண்பது குடும்பங்கள், 320 பேர். குடும்பமாக வருவோரை ஊக்குவித்தால், ஆபத்து கூடாமலே நூறு பேர் அதிகமாகப் பார்க்கலாம். சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெட்டி வரைந்து எண் இடுங்கள். அதே எண்ணை நுழைவுச்சீட்டிலும் எழுதுங்கள். கோடு இருக்கும் இடத்தில் மக்கள் நிற்பார்கள். கோடு இல்லாத இடத்தில் ஒலிபெருக்கியில் எவ்வளவு கத்தினாலும் நிற்கமாட்டார்கள்.

வாசலில் கை கழுவி, வெப்பநிலை பார்த்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத ஒருவருக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும், ஒரு வாசலால் நிமிடத்துக்கு ஆறு பேரே வரலாம். 300 பேருக்கு ஐம்பது நிமிடம். இரண்டு வாசல்களைத் திறந்து, பெயர்களை முன்னரே கழகங்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள். வெளியேறும்போது வேகம் பிரச்சினையன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலில் நெருங்குவதே பிரச்சினை. கோல் கம்பத்தின் பின்னால் நிற்பவர்கள் முதலில், பின்னர் ஒரு பக்கம், பின்னர் மறுபக்கம் என அனுப்புங்கள். கச்சான் (நிலக்கடலை) விற்கும் அம்மாவை உள்ளே விடாமல், வெளிவாசலில் ஓர் இடம் கொடுங்கள். ஆட்டம் பார்த்துக்கொண்டே கொறித்தால் முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிடும். வெளியே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் அவருடைய வியாபாரமும் கெடாது.

ஏழாம் படி: மூன்று நிலைகளும் புதன்கிழமையும்

பார்வையாளர் இல்லை, அளவான பார்வையாளர், வழமையான பார்வையாளர் என மூன்று நிலைகளுக்கும் தனித்தனியே ஒரு பக்கத் திட்டம் தயாராக இருக்கட்டும். எந்த நிலை என்பதை ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் கட்டுப்பாடுகள் ஒரே நாளில் மாறக்கூடும் என்பதால், புதனுக்கு முன் ஒரு சீட்டைக்கூட விற்காதீர்கள். பருவம் முழுவதற்குமான சீட்டு வேண்டவே வேண்டாம். பரிசுத் தொகையை வாசல் வசூலை நம்பி அறிவிக்காதீர்கள். ஒரு மாதம் பார்வையாளரே இல்லாமல் நடந்தாலும் மத்தியஸ்தர்களுக்கும் சுண்ணாம்புக்கும் முதலுதவிக்கும் கொடுக்கப் பணம் கையில் இருந்தால் மட்டுமே பருவத்தைத் தொடங்குங்கள்.

மூடிய மைதானத்தில் ஆடும்போது மதிலுக்கு வெளியே கூட்டம் சேரும். மரக்கிளைகளிலும் அயல் வீட்டு மாடிகளிலும் நெருங்கி நிற்கும் அந்தக் கூட்டம், உள்ளே கோட்டில் நிற்பதைவிட ஆபத்தானது. ஒருவர் கைத்தொலைபேசியை முக்காலியில் வைத்து முகநூலில் நேரலையாகக் காட்டினால் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு, இரு கழகங்களின் மூத்தவர்கள் இருவர் வெளியே நின்று பேசுவதே பொலிஸாரைவிடப் பயனளிக்கும். உள்ளே ஜேர்மனியர் 2020 மே மாதத்தில் செய்ததுபோல ஆடுகளம், இருக்கைப் பகுதி, வெளி வளாகம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் யார் யார் போகலாம் என்று பெயர்ப்பட்டியல் ஒட்டுங்கள். அவர்கள் மொத்தம் 300 பேர் அளவில் வைத்திருந்தனர். நமக்கு எழுபது பேர் போதும்.

எட்டாம் படி: நிறுத்த வேண்டிய நாளில்

அறிவித்தல் வந்த அன்றே, அன்றைய திகதியிட்ட புள்ளிப் பட்டியலை எழுதிப் பத்துக் கழகங்களுக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். சீட்டுப் பணத்தை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். நான்கு வாரத்துக்குள் மீண்டும் தொடங்க முடிந்தால், வீரர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, விட்ட சுற்றிலிருந்தே தொடருங்கள். அதற்கு மேல் நீடித்தால், மிஞ்சிய வார இறுதிகளை எண்ணிப் பாருங்கள். முதற் பாதிக்கு மட்டுமே போதுமென்றால் இரண்டாம் பாதியை அன்றே கைவிட்டுவிட்டதாக அறிவியுங்கள். முதற் பாதிக்கே போதாதென்றால், எல்லா ஆட்டங்களையும் ஒரே மைதானத்துக்குக் கொண்டுவந்து, வார நாட்களிலும் ஆடி முடிக்கப் பாருங்கள். 2020–21இல் இந்தியன் சூப்பர் லீக் முழுவதும் கோவாவின் மூன்று அரங்குகளிலேயே பார்வையாளரின்றி நடந்தது. 2021 ஜூனில் நமது தேசிய அணி லெபனானையும் தென் கொரியாவையும் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் சந்தித்ததும் ஒரே இடத்தில், தென் கொரியாவின் கோயாங்கில்தான்.

வாசலில் எழுதிய பெயர்ப் புத்தகத்தை மூன்று வாரங்கள் பூட்டி வைத்திருங்கள். பரிசோதகர் கேட்டால் அவரிடம் மட்டும் கொடுங்கள். மூன்று வாரங்கள் முடிந்ததும், செயலாளரும் பொருளாளரும் பார்த்திருக்க அதை எரித்துவிட்டு, எரித்த திகதியைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.